பழைய ஸ்ப்ளெண்டர், புது ஸ்ப்ளெண்டர்: இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டியதில் தெரிந்துகொண்டவை

எங்கள் வீட்டில் இரண்டு ஸ்ப்ளெண்டர் பைக் இருக்கின்றன. ஒன்று 2000-களின் தொடக்கத்தில் வந்த ஹீரோ ஹோண்டா, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து விடும் பாகம்) வண்டி, அப்பாவுடையது, இப்போதும் அதை அதிகம் எடுப்பது அவர்தான். இன்னொன்று பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு நான் எடுத்தது. ஃபியூல் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை அளந்து தெளிக்கும் மின்னணு முறை), செல்ஃப் ஸ்டார்ட், டியூப்லெஸ் டயர் எல்லாம் உண்டு. எது அவசரத்துக்குக் கைக்கு வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு போவதால் இரண்டின் குணமும் ஓரளவு தெரியும். "பழசு மாதிரி இது உழைக்குமா", "கார்புரேட்டர் வண்டியை வித்துடலாமா" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் காகிதக் கணக்கு. 1985-ல் வந்த சிடி 100, அப்புறம் 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டர், இப்போது ஷோரூமில் நிற்கும் ஸ்ப்ளெண்டர் பிளஸ், எல்லாவற்றிலும் 97.2 சிசி எஞ்சின்தான். சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 49.5 மி.மீ. நான்கு கியர், முன்னும் பின்னும் டிரம் பிரேக். பழையதில் ஏழரை குதிரைத்திறன் சொச்சம், புதியதில் எட்டு. இத்தனை வருடத்தில் இவ்வளவுதானா என்று கேட்கலாம். ஆமாம், எஞ்சினின் உடம்பைப் பொறுத்தவரை இவ்வளவுதான். எஞ்சினுக்குள் பெட்ரோல் போகும் வழியும், வெளியே வரும் புகையின் வழியும்தான் முழுக்க மாறியிருக்கின்றன. ஓட்டுபவர் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கங்கள் எல்லாம் அந்த இரண்டிலிருந்துதான் வருகின்றன.

காகிதத்தில் யாரும் கவனிக்காத ஒரு எண் உண்டு. பழைய வண்டியில் இழுவைத்திறன், அதாவது டார்க், அதிகபட்சமாகக் கிடைப்பது எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஓடும்போது. பி.எஸ்.6 வண்டியில் அதே அளவு டார்க் 6000 சுற்றில்தான் வருகிறது. படிக்கும்போது பெரிய விஷயமாகத் தெரியாது. டபுள்ஸ் வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது தெரியும். அப்பாவின் வண்டி டாப் கியரிலேயே முக்கி முனகியாவது ஏறிவிடும். அதே நினைப்பில் புது வண்டியை டாப்பில் ஏற்றினால் பாதிப் பாலத்தில் மூச்சு வாங்கும், எஞ்சின் 'டொக் டொக்' என்று தட்டும். பாலம் தொடங்குவதற்கு முன்னாலேயே மூன்றாவது கியருக்கு வந்துவிட்டால் எந்தப் பிரச்சினையும் இல்லை, பழையதைவிடச் சுலபமாகவே ஏறுகிறது. "புது வண்டியில இழுவையே இல்ல" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் பழைய வண்டிக்குப் பழகிய இடத்தில் கியர் மாற்றுகிறவர்கள் என்பது என் அபிப்பிராயம். சத்தம் கொஞ்சம் கூடுகிறதே என்று பயப்பட வேண்டாம், இந்த எஞ்சின் அந்தச் சுற்றில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. குறைந்த சுற்றில் டாப் கியரில் இழுத்தடிப்பதுதான் அதற்குக் கெடுதல்.

ஸ்டார்ட் செய்வதைப் பார்ப்போம். பழையதற்கு ஒரு சடங்கே உண்டு. பெட்ரோல் டேப்பைத் திருப்ப வேண்டும், குளிராக இருந்தால் சோக் போட வேண்டும், ஒரு கிக், இரண்டு கிக், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு மூன்றாவது கிக், அதற்கும் மசியவில்லை என்றால் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி மறுபடி ஒன்று. இதில் எதையும் புது வண்டியிடம் காட்டக் கூடாது. சாவியைப் போட்டதும் டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் ஒன்றிரண்டு விநாடி லேசாக முனகும், இன்ஜெக்டருக்கு வேண்டிய அழுத்தத்தை அது அப்போதுதான் ஏற்றுகிறது. அந்த முனகல் நின்ற பிறகு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், செல்ஃபை அமுக்கினால் போதும். எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா சூடாக இருக்கிறதா என்று சென்சார் பார்த்துச் சொல்ல, எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று இசியு (எஞ்சினை நடத்தும் சின்னக் கணினி) கணக்குப் போடுகிறது. நாம் நடுவில் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் அந்தக் கணக்கில் கைவைக்கிறோம். அப்பாவுக்கு இந்த ஒன்று மட்டும் இன்னும் பழகவில்லை. சாவி போட்ட கையோடு முறுக்கிக்கொண்டே செல்ஃபை அமுக்குவார், அது இரண்டு தடவை இருமிவிட்டு நிற்கும், உடனே "இதுக்குத்தான் நான் வேண்டாம்னேன்" என்பார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கார்புரேட்டர் வண்டி தன் உடம்புக்கு முடியவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். ஏர் ஃபில்டரில் தூசி அடைத்தால் காற்று குறையும், பெட்ரோல் விகிதம் கூடும், சைலன்சர் கருக்கும், பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரியாக இருக்கும், மைலேஜ் இறங்கும், பெட்ரோல் வாடை வரும். வாரக்கணக்கில் சிணுங்கிவிட்டுத்தான் நிற்கும். இன்ஜெக்‌ஷன் வண்டி அப்படிச் சிணுங்காது. சைலன்சர் பாதையில் ஒரு ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. வெளியே போகும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும், கலவை சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ இசியு அங்கேயே சரிசெய்துவிடும். ஃபில்டர் பாதி அடைத்திருந்தாலும், பிளக் தேய்ந்திருந்தாலும், ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. சமாளிக்க முடிகிற எல்லை வரைக்கும் சமாளித்துக்கொண்டே வரும், எல்லை தாண்டியதும் ஒரு நாள் காலையில் எடுக்காது. நமக்கோ நேற்று வரைக்கும் நன்றாகத்தானே ஓடியது என்று தோன்றும்.

அதனால் சத்தத்தையும் வாடையையும் வைத்து சர்வீஸ் விடுகிற பழக்கம் புது வண்டிக்கு உதவாது. வண்டியோடு வரும் கையேட்டில் எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும் என்று அட்டவணை போட்டிருப்பார்கள், அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதுதான் வழி. ஃபில்டர் பார்க்கச் சுத்தமாக இருக்கிறதே, பிளக் இன்னும் நன்றாகத்தான் எரிகிறது என்றெல்லாம் நம் அறிவைக் காட்ட வேண்டாம். நான் பெட்ரோல் டேங்க் மூடிக்குப் பக்கத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, அடுத்த ஆயில் எந்தக் கிலோமீட்டரில் என்று எழுதி வைத்திருக்கிறேன். பார்க்க அசிங்கம்தான், ஆனால் மறப்பதில்லை. ஆயில் விஷயத்தில் மட்டும் இரண்டு வண்டிக்கும் ஒரே நியாயம். இரண்டிலும் இருப்பது ஒரு லிட்டருக்குள்தான், கிளட்சும் கியரும் எஞ்சினும் அதே எண்ணெயைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன, அதனால் அங்கே கஞ்சத்தனம் கூடாது.

பெட்ரோல் தீர்ந்துபோகிற விஷயத்திலும் பழக்கத்தை மாற்ற வேண்டும். பழையதில் ரிசர்வ் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி குலுங்கும், இடது கையைக் கீழே விட்டு டேப்பைத் திருப்புவோம், அப்புறம் பங்க் தேடுவோம். டேங்கைக் காயவிடுவது அன்றாட வழக்கம், அதனால் வண்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை. புதியதில் டேப்பே கிடையாது. பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கி இருக்கிறது, அந்தப் பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. முள் கடைசிக் கோட்டுக்கு வந்த பிறகும் "இன்னும் பத்து கிலோமீட்டர் போகும்" என்று ஓட்டிக்கொண்டே இருந்தால் பம்ப் சூடாகும், அடியில் தங்கியிருக்கும் தூசியையும் தண்ணீரையும் உறிஞ்சும். பம்ப் போனால் கார்புரேட்டர் கிளீன் பண்ணுகிற செலவில் முடியாது. கால் டேங்குக்குக் கீழே போனால் பெட்ரோல் போட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டேன். டேங்கே 9.8 லிட்டர்தான், நிரப்பி வைத்தால் ஒன்றும் பாரமில்லை.

பேட்டரி பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடுரோட்டில் நிற்பதற்கு இன்று முக்கியக் காரணம் அதுதான். பழைய ஸ்ப்ளெண்டரில் பேட்டரி செத்துப்போனாலும் வண்டி ஓடும். பிளக்குக்குப் போகும் மின்சாரம் எஞ்சின் சுழலும்போது உள்ளேயே உற்பத்தியாகி சிடிஐ என்ற சின்ன மின்பெட்டி வழியாகப் போகிறது. ஹாரன் அடிக்காது, இண்டிகேட்டர் எரியாது, அவ்வளவுதான். ஹெட்லைட்கூட எஞ்சினிலிருந்து நேராக வருவது, அதனால்தான் ஆக்சிலரேட்டரைக் குறைத்தால் வெளிச்சமும் குறையும். பல பேர் வருடக்கணக்கில் பேட்டரி இல்லாமலே ஓட்டியிருக்கிறார்கள். புதியதில் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், இசியு மூன்றுக்கும் மின்சாரம் வேண்டும். கிக்கர் இருக்கிறதே என்று நினைக்கலாம். பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால் கிக்கர் கைகொடுக்கும், சுத்தமாக இறங்கிப்போய் பம்ப் முனகல்கூட வரவில்லை என்றால் கால் வலிதான் மிச்சம், தள்ளி ஸ்டார்ட் செய்வதும் அதே கதைதான்.

ஒரு முறை மழைநாளில் சிக்னலில் நின்றவன், பச்சை விழுந்ததும் கிளம்ப முடியவில்லை. மீட்டரில் ஒரு விளக்கும் இல்லை. ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்தால் பேட்டரி முனையின் ஸ்குரூ தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. மேடுபள்ளத்தில் அதிர்ந்து அதிர்ந்து கழன்றிருக்கிறது, யாரையும் குறை சொல்ல முடியாது. இறுக்கியதும் உயிர் வந்துவிட்டது. அன்றிலிருந்து சின்ன ஸ்குரூ டிரைவர் ஒன்று வண்டியிலேயே கிடக்கிறது. சர்வீஸ் விடும்போது "பேட்டரி டெர்மினலைத் துடைச்சு டைட் வைங்க அண்ணே" என்று வாய்விட்டுச் சொல்கிறேன், சொன்னால்தான் செய்கிறார்கள். செல்ஃப் வழக்கத்தைவிட மெதுவாகச் சுற்றுகிறது என்றால் அந்த வாரத்திலேயே பேட்டரியைச் சோதித்துவிடுங்கள். புது வண்டி முன்கூட்டிச் சொல்கிற ஒரே அறிகுறி அநேகமாக அதுதான். இன்னொன்று, எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் பரிசோதனை முறை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் அதைச் செய்யவே விடாதீர்கள். அந்த நொடியில் மின்னழுத்தம் எகிறி இசியு போய்விட வாய்ப்பு இருக்கிறது.

இனி எத்தனால். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் இந்தக் கலவையில் லிட்டருக்கு ஆறேழு சதவீதம் சக்தி குறையும். எத்தனால் எரிவதற்குக் காற்றும் குறைவாகவே போதும். இன்ஜெக்‌ஷன் வண்டி சென்சாரை வைத்து இதைக் கண்டுபிடித்துக் கொஞ்சம் கூடுதலாகத் தெளித்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பெட்ரோல் வரும் சின்னக் குழாயான ஜெட்டில் எவ்வளவு ஓட்டை போட்டிருக்கிறார்களோ அவ்வளவுதான் விடும், பெட்ரோல் மாறினால் அதற்கு என்ன தெரியும். ஆகவே கலவை மெலிகிறது. காலையில் சோக்கை இன்னும் நேரம் போட்டு வைக்க வேண்டியிருக்கிறது, ஆக்சிலரேட்டரை விட்டால் ஐட்லிங்கில் நிலைத்து ஓட மாட்டேன் என்கிறது, எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாகிறது. அப்பா வண்டியில் கலவை ஸ்குரூவைக் கொஞ்சம் திருத்தி வைத்ததும் ஐட்லிங் சரியானது. கைதேர்ந்த மெக்கானிக்காக இருந்தால் இது சின்ன வேலை.

அதைவிடக் கவலை ரப்பர் பாகங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில்தான் இந்தக் கலவையைத் தாங்குகிற பொருள்களைப் போடுகிறார்கள். பழையதில் பெட்ரோல் ஹோஸ் இறுகி வெடிக்கும், கார்புரேட்டர் உள்ளே இருக்கும் ஓ-ரிங் உப்பும், சொட்டுச் சொட்டாகக் கசியும். ஹோஸைக் கையால் மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை, கசிந்து சூடான எஞ்சினில் விழுவதுதான் ஆபத்து. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும். ரொம்ப நாள் எடுக்காமல் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் சின்ன ஸ்குரூவைத் தளர்த்தி உள்ளே இருப்பதை வடித்துவிடுங்கள். அப்படியே விட்டால் பிசினாகப் படிந்து பைலட் ஜெட்டை அடைக்கும், அப்புறம் கிக்கரோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

பிரேக்கில் ஒரு பெரிய மாற்றம் இருக்கிறது, பார்வைக்குத் தெரியாது. 125 சிசி வரைக்கும் உள்ள வண்டிகளில் 2019 ஏப்ரலிலிருந்து இரண்டு பிரேக்கையும் இணைக்கும் சிபிஎஸ் கட்டாயமாகிவிட்டது. பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். பழைய வண்டியில் திடீரென்று மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வாலாட்டும், புதியதில் அது எவ்வளவோ பரவாயில்லை, நேராக நிற்கிறது. ஆனால் மணல் கிடக்கும் வளைவில் "முன் பிரேக்கைத் தொடாம பின்னாடி மட்டும் பிடி" என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இங்கே முழுசாகச் செல்லாது, பின்னாடியை மட்டும் பிடித்தாலும் முன்னாடியும் சேரும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பிரேக் ஷூ தேய்ந்து அட்ஜஸ்ட் செய்யும்போது பின்னாடி நட்டை மட்டும் திருகிவிட்டு வந்துவிடக் கூடாது, முன்னும் பின்னும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த இணைப்பு ஒழுங்காக வேலை செய்யும். ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுகிற அன்று முதல் சில நிமிடம் எனக்கு இன்னும் கால் குழம்புகிறது.

ஹெட்லைட்டுக்கு இப்போது சுவிட்ச் கிடையாது, 2017 ஏப்ரல் முதல் எப்போதும் எரிந்துகொண்டேதான் இருக்கும். இதில் வண்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை. எதிரே வருகிறவர்கள் விரலைக் குவித்து விரித்து "லைட்டு, லைட்டு" என்று காட்டியதற்கெல்லாம் ஆரம்பத்தில் பதில் சொல்லப் பார்த்தேன், அப்புறம் தலையாட்டிவிட்டுப் போகப் பழகிவிட்டது. நியூட்ரலில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்து, கிளட்சைப் பிடித்தால் ஸ்டார்ட் ஆகிற ஐ3எஸ் வசதி நீண்ட சிக்னலில் உபயோகம். நகர்ந்து நகர்ந்து போகிற நெரிசலில் எனக்கு எரிச்சல், அங்கே அணைத்து வைத்துவிடுவேன்.

டயர், செயின் எல்லாம் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். பழையதில் 2.75 அளவு டியூப் டயர், புதியதில் 80/100 டியூப்லெஸ். ஆணி ஏறினால் பழையது சில நிமிடத்தில் தரைதட்டும், புதியது காற்றை மெதுவாக விட்டுக்கொண்டே பஞ்சர் கடைவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். இரண்டிலும் செயின் முழுக்க மூடிய உறைக்குள் இருப்பதால் மழையிலும் மண்ணிலும் தப்பிக்கிறது, கண்ணில் படாததால் மறந்தும் போகிறது. உறையின் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழற்றி விரல் விட்டுத் தூக்கிப் பார்த்தால் எவ்வளவு தொய்வு என்று தெரிந்துவிடும், கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் ஆடினால் இறுக்கச் சொல்லுங்கள்.

மைலேஜ் கேட்பீர்கள். டேங்க் வாய்வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே பங்க்கில் வாய்வரை நிரப்பிக் கணக்குப் போட்டால் என் புதியது அறுபதைத் தாண்டுகிறது, அப்பாவுடையது ஐம்பதுக்கு மேலே நிற்கிறது. இருபது வயது தாண்டிய எஞ்சினுக்கு இது கெட்ட கணக்கே இல்லை. மைலேஜுக்காக மட்டும் பழையதை விற்றுப் புதியது வாங்குகிறேன் என்றால், தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் என்றால் வாங்கின காசு பெட்ரோலில் திரும்பி வர ரொம்ப வருடம் ஆகும்.

மெக்கானிக் விஷயத்தில் இரண்டும் இரண்டு உலகம். பழையதற்கு ஒரு ஸ்பேனரும் காதும் இருந்தால் போதும், எந்த ஊரிலும் ஆள் கிடைப்பார். புதியதில் ஆரஞ்சு நிற எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் மாட்டிப் பார்க்கிறவரிடம்தான் போக வேண்டும். பார்க்காமலே "இன்ஜெக்டர் போச்சு, மாத்தணும்" என்பவரிடம் வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள். ஸ்கேனரில் என்ன கோடு (பழுதைச் சொல்லும் எண்) வந்தது என்று கேளுங்கள், கோடு சொல்லத் தெரியவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். விளக்கு எரிந்ததும் போனில் ஒரு வீடியோ எடுத்து வைப்பது நல்லது, எரிகிறதா, விட்டு விட்டு மினுக்குகிறதா என்பதில் தகவல் இருக்கிறது. நாம் கடைக்குப் போகும்போது அது அணைந்துபோய் நம்மைப் பொய்யனாக்கும். பாதி நேரம் ஒரு கனெக்டருக்குள் தண்ணீர் போயிருக்கும். வாட்டர் சர்வீஸில் சீட்டுக்கு அடியிலும் த்ராட்டில் பக்கத்திலும் பிரஷர் வைத்து அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பழைய வண்டியைச் செகண்ட் ஹேண்டில் தேடுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஆர்சி 15 வருடம்தான் செல்லும், அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வண்டியை நேரில் காட்ட வேண்டும். புதுப்பிக்காத வண்டியை "பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விலை குறைத்துக் கொடுத்தால் வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள், விற்கிறவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் சைலன்சரைத் தொட்டாலே தெரிந்துவிடும், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து முறுக்கும்போது நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது, சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் போர் வேலை காத்திருக்கிறது. அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள், ஒத்துவரவில்லை என்றால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம், இந்த ரகத்துக்குச் சந்தையில் பஞ்சமே இல்லை.